படத்தை மூடிய கை

அன்புள்ள அக்கா,

உங்கள் குழு திருத்திய வாசிப்புப் பாடத்திட்டத்தை ஒன்றாம் வகுப்பில் நடத்துகிறேன். உனக்காக இல்லை, உத்தரவு வந்ததால்தான்.

'குழாய்' என்ற சொல்லை என் வகுப்பு வாயாடி, பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்து "தண்ணி" என்றே வாசிப்பாள். "எழுத்தை இல்ல, படத்தைத்தான் படிக்கிறாங்க" என்று நீ சொன்னதற்கு எத்தனை சண்டை பிடித்தேன்! பாடத்திட்டம் சொன்னபடி படத்தைக் கையால் மூடினேன். முதலில் திருதிருவென முழித்தாள். சில வாரங்களில், "கு... ழா... ய்... குழாய்!" என்று கத்தினாள்.

நேற்று, நீ கொடுத்தனுப்பிய கடித உறை என் மேசையில் கிடந்தது. அதில் படமே இல்லை. அவள் எடுத்து எழுத்துக் கூட்டினாள்:

"த... ங்... கை... க்கு. தங்கைக்கு! டீச்சர், இதை ஏன் இன்னும் பிரிக்கல?"

அவளையே பிரிக்கச் சொன்னேன். முதல் சொல்லையும் அவளே கூட்டினாள்: "கோ... ப... மா?"

நிமிர்ந்து பார்த்து, "இல்லேன்னு எழுதுங்க டீச்சர்" என்றாள்.

எழுதிவிட்டேன்.

உன் தங்கை