ஞானசீலனை அழைத்துப் போனவர்கள்

ஆம்பூர்
1932 மார்ச் 3

மதிப்பிற்குரிய ஜெபராணி அக்கா அவர்களுக்கு,

வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ரங்கூனில் தாங்களும் மாமாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தங்கள் கடிதம் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு விலாசத்துக்கு வந்தது. "நோயாளியைக் காட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னது யார்? நீங்கள்தான் அவனைக் கொன்றீர்கள் என்று அம்மா எழுதியிருக்கிறாளே, அது நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தை பிறப்பதற்கு முன்பே தங்கள் தம்பி ஞானசீலனுக்கு இருமல் ஜாஸ்தியாகிவிட்டது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நெடி ஆகாது என்று மேஸ்திரி அவனை ஆபீஸில் உட்கார வைத்தார். அங்கேயும் மேஜையில் தலை சாய்த்துப் படுத்துக்கொள்வான். வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர் நெடுநேரம் பரிசோதித்தார். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். ஞானசீலன் விடவில்லை. "எனக்கு வந்த நோயி, எனக்கே சொல்லுங்க டாக்டர்" என்றான். இரண்டு பக்க நுரையீரலும் போய்விட்டது, இனி மருந்தில் ஒன்றுமில்லை, வெயில் காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று அவர் சொன்னார்.

திரும்பும்போது காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம்.  அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அம்மாகிட்ட சொல்லாதடா. அப்பா போறப்போ ராவும் பகலும் பக்கத்துல உக்காந்து மூச்ச எண்ணிக்கினு இருந்துச்சு. மறுபடியும் அதை எண்ண வெக்காத. அக்காவுக்கு வேணா நான் போனப்புறம் சொல்லு." நான் சத்தியம் செய்தேன். ஆபித் பாஷாவிடமும் அதே சத்தியத்தை வாங்கினான். ஆபித்தைத் தங்களுக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் எங்களோடு படித்தவன், இப்போது ஷாப்புகளுக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை கொண்டுவரும் வண்டிகள் அவனுடையவை.

காட்டுக்குப் போகவேண்டும் என்றது ஞானசீலன்தான். தோல் நாற்றம் இல்லாத இடத்தில், தன்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஆள் ஒருவரும் இல்லாத இடத்தில், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்றான். ஆபித்தின் பட்டை வண்டி அமிர்திக் காட்டுக்குப் போய்வருவது வழக்கம். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டரே சொன்னதாக நான் பொய் சொன்னேன். "உன்ன நம்பி அனுப்பறேன் வேலு. எப்படிப் போறானோ அப்படியே இட்டுக்கினு வரணும்" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன் அக்கா.

கணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கியபோது ஆபித் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கம்பளி விரித்து வைத்திருந்தான். ஞானசீலன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றான். வழியெல்லாம் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

ஓடைக்கரையில் இரண்டு மரங்களுக்கு நடுவே பழைய தார்ப்பாயைக் கட்டிக் கூடாரம் போட்டோம். ஆபித் சமைத்தான். சோறு குழைந்துவிட்டது, குழம்பில் உப்பு இல்லை. மாதக்கணக்கில் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடாதவன் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பகலெல்லாம் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பான். சின்னச் சின்ன மீன்கள் விரலைக் கொத்தும்போது தோளைக் குலுக்கிச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும், இருமல் நின்றதும் மறுபடி காலை விடுவான். தங்களைப் பற்றியும் பேசினான். குழந்தை யார் ஜாடை என்று அக்கா ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டான்.

அருவியைப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் பிடிவாதம் பிடித்தான். ஆபித் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். இறங்கி வந்து கூடாரத்தில் படுக்கவைத்த பிறகு ஆபித் தனியாகப் போய் அழுதான். என்னடா என்றேன். "கனமே இல்லடா வேலு. காலி மூட்டை மாதிரி இருக்கான்" என்றான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ரத்தம் வந்தது. கொஞ்சமல்ல. என் வேட்டி, கம்பளி, வைக்கோல் எல்லாம் நனைந்துவிட்டது. நான் வண்டியைப் பூட்டச் சொன்னேன். எப்படியாவது வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கத்தினேன். ஆபித் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் குலுக்கிக்கொண்டு போனால் பாதி வழிகூடத் தாங்கமாட்டான், இன்னும் ஜாஸ்தி வலிதான் படுவான் என்றான். எனக்கும் அவனுக்கும் கைகலப்பே ஆகிவிட்டது. அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தேன்.

ஞானசீலன்தான் எங்களை நிறுத்தினான். குரல் வரவில்லை, கையால் தரையைத் தட்டினான். குனிந்து காதை வைத்தேன். "இங்கயே இருந்துடறேன்டா. உங்க ரெண்டு பேருக்கும் கஷ்டந்தான். தெரியும். வண்டியில ஏத்தாத" என்றான்.

ஏற்றவில்லை. அம்மாவிடம் சொன்ன சொல்லா, இவன் கேட்பதா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தீயை மூட்டி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னான். கிழக்கு வெளுக்கும்போது பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினான். பாதிக்குமேல் மூச்சு வரவில்லை. பள்ளியில் தினமும் சொன்ன ஜெபம், எனக்கு அந்த நேரத்தில் வார்த்தை மறந்துவிட்டது. ஆபித்துக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. அவன் குரல் உடையாமல் கடைசிவரை சொன்னான். ஞானசீலன் உதடு கூடவே அசைந்துகொண்டிருந்தது, ஜெபம் முடிவதற்குள் நின்றுவிட்டது. தங்கள் தம்பி பயப்படவில்லை அக்கா. இதை மட்டும் தாங்கள் நம்பவேண்டும்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அம்மா ஓடிவந்து பார்த்தார்கள். பிறகு என்னை அடித்தார்கள். கை ஓயும் வரை அடித்தார்கள். "என் புள்ளைய காட்டுக்கு இட்டுக்கினு போயி கொன்னுட்டானுங்களே" என்று தெரு முழுக்கக் கேட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் ஆபித்தை விடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அவன் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுக்க வந்தவன். மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டு, எல்லோரும் போனபின் தானும் போனான். ஷாப்பிலும் சிலர் எங்களோடு பேசுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடக்கத்துக்குப் பிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்கள். சோறில்லை, தண்ணீரில்லை. பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அம்மாள் கஞ்சி வைத்துக்கொண்டு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. நான் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். என்னைக் கண்டதும் எழுந்து வந்துவிட்டார்கள். வாசற்படியில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தார்கள் என்று ஜஹீருன்னிசா அம்மாள் சொன்னார்கள். அதிலிருந்து ஷாப்புக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். ஆபித்தும் வண்டியை அந்தப் பக்கமாகவே ஓட்டுகிறான். அம்மா வெளியே வந்து திட்டுகிறார்கள், உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள்.

டாக்டர் சொன்னதைத் தாங்கள் அம்மாவுக்கு எழுதிவிட்டால் எங்கள் பேரில் உள்ள பழி போய்விடும். எழுதாதீர்கள் அக்கா. எங்கள்மேல் கோபம் இல்லாமல் போனால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிந்தால் அடுத்த கப்பலில் குழந்தையோடு புறப்பட்டு வாருங்கள். தாங்கள் பக்கத்தில் இருக்கும்போது அம்மா எங்களைத் திட்டினால், எங்களுக்காக ஒன்றும் பேசிவிடாதீர்கள். திட்டி முடிக்கட்டும். முடித்ததும் உள்ளே அழைத்துப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
வேலாயுதம்