பைலட் லைனில் ஒரு கிளிப்பிள்ளை

மார்ச் 3, திங்கள்

புது ஷூ கடிக்கிறது. இன்றிலிருந்து என்னை பைலட் லைனில் போட்டிருக்கிறார்கள். டியூட்டி இல்லாத நாளில் சாதாரணப் பயணியாகப் போகிற விமானிகளுக்கென்று தனி வழி. அட்டையை வைத்தால் என் திரையில் அவர்கள் முகம் வரும். படமும் ஆளும் ஒன்றுதான் என்று நான் சொல்லிவிட்டால் போதும். ஷூவைக் கழற்ற வேண்டாம், லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், பை மட்டும் எக்ஸ்ரேக்குள் போய்விட்டு வரும். பொது வரிசையில் கால் கடுக்க நிற்கிறவர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

வேலை சுலபம், நம்புவதுதான் கஷ்டம். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டால் விமானி என்று யாரைச் சொல்வது? இன்று ஒருவர் முட்டி கிழிந்த பேண்டோடு கொட்டாவி விட்டபடி வந்தார். பெரிய கேப்டனாம். எக்ஸ்ரே பார்க்கிற அக்கா என் காதில், "இவரை நம்பியா நாம ஏறி உக்காருறோம்?" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

இன்று ஒரு அதிசயப் பிறவி. அட்டையை வைங்க என்றேன். "அட்டையை வைக்கிறேன்" என்றார். கேமராவைப் பாருங்க என்றேன். "கேமராவைப் பார்க்கிறேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கேலி பண்றீங்களா சார் என்று கேட்டேவிட்டேன்.

பாவம், மனுஷன் நெளிந்துபோனார். மேலே பறக்கும்போது கீழே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எது சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தமாம். அதுவே பழகிப்போய், தரைக்கு வந்தாலும் விடமாட்டேன் என்கிறதாம். கடையில் தக்காளி தீர்ந்துபோச்சு என்றார்களாம், இவரும் தக்காளி தீர்ந்துபோச்சு என்றாராம். கடைக்காரர் அடிக்காத குறைதானாம்.

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 13, வியாழன்

கிளிப்பிள்ளை மறுபடி வந்தது. வீடு இந்த ஊரில், வேலை வேறு ஊரில். வியாழக்கிழமை பயணியாகப் போய், அங்கிருந்து விமானம் ஓட்டி, ஞாயிறு பயணியாகவே திரும்பி வருவாராம். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஏறியவர், வழக்கம்போல இடது பக்கம் திரும்பி காக்பிட்டுக்குள்ளேயே போகப் பார்த்தாராம். பணிப்பெண்தான் தோளைப் பிடித்து வலது பக்கம் திருப்பி விட்டாளாம். இதை அவரே சொல்லி அவரே சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு. திரையில் முகத்தைச் சரிபார்க்கவே மறந்துவிட்டேன். மறுபடி அட்டையை வைக்கச் சொன்னேன்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு எக்ஸ்ரே மெஷின் தேவையில்லை.

மார்ச் 17, திங்கள்

கூட்டம். எங்கள் சூப்பர்வைசர் (வாயைத் திறந்தால் விதிதான், அதனால் நாங்கள் வைத்த பெயர் ‘சட்டம் சார்’) படித்துக் காட்டினார். சொந்தக்காரர் யாராவது நம் லைனில் வந்தால் நாம் சோதிக்கக் கூடாது. கையைத் தூக்கி "சொந்தம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும், வேறு ஆள் பார்ப்பார். பேச்சுவார்த்தையே இல்லாத நாத்தனார் வந்தால் கூடவா என்று அக்கா கேட்டாள். பேசாவிட்டாலும் சொந்தம் சொந்தம்தான் என்றார் சார். அக்காவுக்கு அதில் ஏக வருத்தம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். ஊர் திரும்பிய கிளிப்பிள்ளையும் நின்றது. டீக்கடையில் டீ. அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மறுபடி டீ. சர்க்கரை வேண்டாம் என்றேன். "சர்க்கரை வேண்டாம்." பெஞ்சில் அந்தப் பக்கம் வெயில் என்றேன். "அந்தப் பக்கம் வெயில்." என்னை ஏன் சிரிக்க வைக்கிறார் இந்த மனுஷன்?

ராத்திரி அம்மா, என்னடி இப்பெல்லாம் ஷூ கடிக்கலையா என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. இருக்கட்டும்.

வேலை பார்க்கிற ஊருக்கே அவரை வந்துவிடச் சொல்கிறதாம் கம்பெனி. இங்கே இருக்கத் தகுந்த காரணம் இருந்தால் விட்டுவிடுவார்களாம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "காரணம் நீங்கன்னு சொல்லலாமான்னு கேக்கத்தான் வந்தேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

நான் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காதுல விழுந்துச்சா?"

விழுந்தது என்றேன்.

"அப்ப திருப்பிச் சொல்லணும்" என்றார் மெதுவாக.

முடியவில்லை. சரி, வியாழக்கிழமை வரைக்கும் கம்பெனியிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன் என்று எழுந்துபோனார். கோபம் இல்லை அவருக்கு. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஒரு தடவை கட்டிப் பார்த்தாயிற்று. நாற்பத்திரண்டு வயசில் மறுபடியுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க — யார் அந்த நாலு பேர்? அக்கா ஒருத்தி. அவ எப்பவோ சொல்லிட்டா.

ஏப்ரல் 30, புதன்

கட்டிப்போன அந்த வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் பேசினால் யார் காதிலும் ஏறாது, அவ்வளவுதான். தலைவலிக்குது என்பேன், பதில் வராது. கிளம்பறேன் என்றும் சொன்னேன், அதுவும் விழவில்லை. பெட்டியோடு வாசலுக்கு வந்த பிறகுதான் எங்கே போறே என்றார்கள்.

இந்த மனுஷனிடம் சர்க்கரை வேண்டாம் என்றால் அதுகூட எனக்குத் திரும்பி வருகிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்தாள். "அவருக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டியா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 1, வியாழன்

வந்தார். அட்டையை வைத்தார், நான் சொல்லாமலே. திரையில் முகம் வந்தது. ஆள் அதைவிட இளைத்திருந்தார். நான் கையைத் தூக்கினேன்.

சட்டம் சார் விறுவிறுவென்று வந்தார். அட்டை பொருந்தவில்லையா என்று கேட்டார்.

"பொருந்துது சார். ஆனா இவரை நான் பாக்கக் கூடாது."

"ஏன்?"

"சொந்தம்."

சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த வகையில?"

"கட்டிக்கப் போறவர்."

அக்கா பெல்ட்டை நிறுத்திவிட்டாள். ஒரு பை பாதி உள்ளே, பாதி வெளியே. கிளிப்பிள்ளை வாயடைத்து நின்றது. வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

"காதுல விழுந்துச்சா?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"அப்ப திருப்பிச் சொல்லணும்."

"சொந்தம்" என்றார். குரலே எழும்பவில்லை. சார் தானே நின்று அவரை முழுச் சோதனை போட்டு, ஷூவைக்கூடக் கழற்ற வைத்துத்தான் உள்ளே விட்டார். விதி விதிதானே.

மே 8, வியாழன்

என்னைப் பொது வரிசைக்கே மாற்றிவிட்டார்கள். காலையிலிருந்து ஷூவைக் கழற்றுங்க, பெல்ட்டைக் கழற்றுங்க என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பக்கம் பைலட் லைனில் அவர் போய்க்கொண்டிருந்தார். இவ்வளவு கூட்டத்தில் கூப்பிட்டால் கேட்காது. சீக்கிரம் வாங்க என்று வாயை மட்டும் அசைத்தேன்.

பையைத் தோளில் மாட்டியவர் நின்று, திரும்பி, வாயை அசைத்தார். சீக்கிரம் வர்றேன்.