கடைசிப் பத்தி

அக்கா,

இன்று காலை பம்மலில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது உங்கள் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் என் கைபேசியில் வந்து விழுந்தது. அந்தச் சின்ன நாட்டின் வெளியுறவு அமைச்சகத்திலிருந்துதான். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுடைய அமைச்சர் நாடாளுமன்றத்தில் நின்று, நம் வெளியுறவுக் கொள்கை இது, நமக்கு முக்கியமானவை இவை என்று வாசிப்பாரே, அந்த உரை. உங்களுக்கு மெயில் முகவரி கிடையாது என்று என்னுடையதைக் கொடுத்துப் பதிந்து வைத்தீர்கள். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர்கள் இன்னும் உங்களுக்கு மரியாதையாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதிலும் சந்தேகம்தான். காரணம் இல்லாமல் ஓர் அரசாங்கம் பீர்க்கன்கரணையில் இருக்கும் ஒரு பெண்மணியை எதற்காக இத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்கும்?

நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்கள் தூதரகத்தில் யாராவது தேடிப் பிடித்துப் படிப்பார்கள். சிரிக்காதீர்கள். வடக்கே, குளிர்ந்த கடலோரம், பக்கத்தில் ஒரு பூதாகரமான அண்டை நாட்டை வைத்துக்கொண்டு வாழும் நாடு என்ற அளவுக்குப் போதும்.

உங்களுக்கு அந்த நாடு அறிமுகமானது பம்மல் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில். நீங்கள் அங்கே ஸ்டெனோ. கையுறைத் தோல் வாங்கும் ஒரு வியாபாரிக்கு அந்த நாட்டுக்கு மாதா மாதம் கடிதம் தட்டிக்கொண்டிருந்தீர்கள். கம்பெனியை மூடிய பிறகு மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். நீங்கள் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பத்திரிகையின் மாடிப்படி ஏறி வந்தீர்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கான மாத இதழ் அது. வெளியுறவுப் பக்கத்தை எழுத ஆள் இல்லாமல் ஆசிரியர் தவித்துக்கொண்டிருந்தார். பக்க வடிவமைப்பு பார்க்கிற நான், உங்கள் புடவைத் தலைப்பையும் கையிலிருந்த துணிப்பையையும் மேலும் கீழும் பார்த்தேன். இந்த அம்மாவுக்கு ஐரோப்பாவைப் பற்றி என்ன தெரியும், யார் எழுதிக்கொடுத்து இவர் கொண்டுவருகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று இதழ்வரை அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் நீங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தேன். போன வருஷத்து உரையையும் இந்த வருஷத்து உரையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தீர்கள். ஏன் தலைகீழாக என்று கேட்டேன்.

"மொத பக்கத்துல ஊருக்குப் பேசுவாம்மா. வூட்டு விஷயம்லாம் கடைசிலதான் வரும்" என்றீர்கள்.

இருபது வருஷமாக வெள்ளைக்காரனுக்கு நல்ல ஆங்கிலத்தில் கடிதம் அடித்த உங்கள் வாயில் பம்மல் தமிழ்தான் வரும். அதில்தான் எனக்கு வெளியுறவுக் கொள்கையே புரிந்தது. போன வருஷம் 'நெருங்கிய நண்பர்' என்று இருந்த ஒரு நாடு இந்த வருஷம் 'கூட்டாளி' ஆகியிருந்தால் அதன் கீழே கோடு போடுவீர்கள். 'தொடர்ந்து உரையாடுகிறோம்' என்று இருந்தால் அங்கே சண்டை என்று ஓரத்தில் எழுதுவீர்கள். எந்த நாடு எத்தனையாவது பக்கத்தில் வருகிறது, யாருடைய பெயர் காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பீர்கள். சந்தேகத்தைத் தவிர வேறு சொத்து இல்லாத எனக்கு அது சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்துதான் உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்த நாட்டுக்காரர்கள் ஏன் எப்போது பார்த்தாலும் சர்வதேசச் சட்டம், சர்வதேசச் சட்டம் என்றே பேசுகிறார்கள், எல்லாம் வேஷம் என்று நான் சொன்னபோது நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏரிக்கரையில் உங்கள் முக்கால் கிரவுண்டு வீட்டை ஒட்டி ஒருவர் பெரிய அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டாவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தீர்கள். தெருவில் எல்லோருடனும் நல்லபடி இருந்தீர்கள். கட்டுகிறவரிடம் குரலை உயர்த்தாமல், ஆனால் ஓர் அங்குலம் விடாமல் பேசினீர்கள். பெரிய இடத்துக்காரனுக்குச் சட்டம் ஒரு தொந்தரவு, சின்ன இடத்துக்காரனுக்கு அதுதான் காம்பவுண்டுச் சுவர், அந்த நாடும் அதைத்தான் செய்கிறது என்றீர்கள். கூட்டணியில் சேர்வது, ஒன்றியத்தில் நாற்காலி பிடிப்பது, தூரத்து நாடுகளில் சிநேகிதம் தேடுவது எல்லாமே பக்கத்துவீட்டுக்காரன் சுவரைத் தள்ளினால் நாலு பேர் ஓடி வரவேண்டும் என்பதற்காகத்தான் என்று விளக்கினீர்கள். வேஷம் என்று நான் சொன்னதை அன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன். மனசுக்குள் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டுதான்.

அந்த மிச்சம் பிறகு வளர்ந்தது. நகரத்தில் அவர்களுடைய கௌரவத் தூதர் தேசிய நாள் விருந்துக்கு உங்களை அழைத்தார். பச்சைப் பட்டுப் புடவையில் போய்வந்தீர்கள். அடுத்த நாள் ஒரு காலண்டரைக் கொண்டுவந்து அலுவலகச் சுவரில் மாட்டினீர்கள். பனி மூடிய கோட்டை, பனி மூடிய தேவாலயம், பனி மூடிய துறைமுகம். எல்லோரும் அழகு என்றார்கள். சும்மா யாராவது காலண்டர் தருவார்களா என்று நான் யோசித்தேன். அந்த வருஷம்தான் உங்கள் மகள் நிவேதா மேல்படிப்புக்கு அதே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள்.

அந்த வருஷத்து உரையைப் பற்றிய உங்கள் கட்டுரை வந்தது. இந்தியா பின்பக்கங்களிலிருந்து முன்னே வந்துவிட்டது, 'திறமையான இளைஞர்களை வரவேற்கிறோம்' என்று அமைச்சர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதழ் கடைக்குப் போய் மூன்று வாரம் கழித்து ஒரு லட்டு டப்பாவுடன் படியேறி வந்தீர்கள். நிவேதாவுக்கு விசா கிடைத்துவிட்டது. லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நீங்கள் கிளம்பியதும் அந்த உரையின் ஆங்கில மூலத்தை எடுத்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். அங்கே இருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களின் தங்கும் அனுமதி இனி கடுமையாகச் சோதிக்கப்படும், குடும்பத்தை அழைத்துவரும் சலுகை குறைக்கப்படும் என்று ஒரு பத்தி. நம் வாசகர்களில் எத்தனையோ பேர் வீட்டு நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த ஒரு பத்திதான். அச்சில் வந்த உங்கள் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கச் சொன்னவர் நீங்கள். பார்த்தேன். விருந்து, காலண்டர், விசா, காணாமல் போன பத்தி. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நன்றாகப் பதில் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன். நேராக ஆசிரியரிடம் போய் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அடுத்த இதழுக்கு நீங்கள் கொண்டுவந்த கட்டுரையைப் பக்க அமைப்பை மாற்றுகிறோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் என் மேசைப் பக்கம் திரும்பினீர்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. படியிறங்கிப் போனீர்கள்.

அதற்குப் பிறகு உங்களை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். குன்றத்தூர் மலைப்படியில், நீங்கள் இறங்க, நான் ஏற. "நல்லா கீறியாம்மா?" என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறேன் என்றேன். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மேல்படி வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். உங்கள் சாவுக்கு வந்தேன். தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் நிவேதா உங்கள் வீட்டைக் காலி செய்ய அந்த நாட்டிலிருந்து வந்தாள். உங்கள் காகிதக் கட்டு ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாம் உங்க பத்திரிகைப் பேப்பர், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். அச்சுக்குப் போன பிறகு வீணாகும் மெய்ப்புத் தாள்களை வாரிக்கொண்டு போய் அவற்றின் வெற்றுப் பக்கத்தில்தான் அடுத்த கட்டுரையை எழுதுவீர்கள். கட்டின் மேலேயே அந்தத் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை இருந்தது. படித்தேன். நாலாவது தாளைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் உங்கள் முந்தைய கட்டுரையின் கடைசி மெய்ப்பு. அதன் கடைசிப் பத்தியில் மாணவர் அனுமதி, சோதனை, குடும்பச் சலுகை எல்லாம் இருந்தது. 'வரவேற்கிறோம் என்ற சொல்லை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம்' என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பத்தியின் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'இடமில்லை'. கீழே என் சுருக்கொப்பம்.

கடைசி நேரத்தில் ஏதாவது பயிற்சி மையத்தின் விளம்பரம் வந்தால் நான் கீழிருந்து வெட்டுவேன். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பத்திகளாவது போகும். வெட்டுவதைப் படிப்பதில்லை. படித்தால் கை வராது. பத்திரிகைக்காரர்கள் முக்கியமானதை முதலில் சொல்வார்கள், அதனால் வால் போனால் பரவாயில்லை என்பது எங்கள் தொழில் வழக்கம். நீங்கள் மட்டும் அந்த அமைச்சரைப் போலவே வீட்டு விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தீர்கள். இத்தனை பேரைச் சந்தேகப்பட்ட நான் என் பச்சைப் பேனாவை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது அக்கா. வேறு வார்த்தை இல்லை.

ஆசிரியரிடம் காட்டினேன். மூன்று வருஷம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அடுத்த இதழில் உங்கள் பெயரைப் போட்டு அந்தப் பத்தியை முழுசாக அச்சிட வேண்டும், வெட்டியது நான் என்றும் போடவேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்கமாட்டார். பக்கத்தை வடிவமைத்துக் கட்டுகிறவள் நான்தானே, அந்தப் பத்தியைச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன். என் பயமெல்லாம் நிவேதாவைப் பற்றித்தான். அம்மா பேனாவை விற்றுத்தான் தனக்கு விசா வந்தது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டே அங்கே படித்திருந்தால்? உங்கள் பெயரை நான் கெடுத்தது அந்த வீட்டுக்குள்ளும் போயிருந்தால்? கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் தாளை வாங்கக்கூட இல்லை.

"தெரியும் ஆன்ட்டி. பக்கம் போச்சுன்னு வந்த அன்னைக்கே அம்மா இதைக் காட்டிட்டாங்க."

அப்படியானால் ஏன் ஆசிரியரிடம் காட்டவில்லை, ஏன் என் முகத்தில் விட்டெறியவில்லை என்று கேட்டேன். இதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். நிவேதா ஒரு பெட்டியை நகர்த்தி எனக்கு உட்கார இடம் காட்டினாள்.

"நானும் இதையே கேட்டு அம்மாகிட்ட சண்டை போட்டேன். அம்மாதான், 'அவளுக்கு எல்லார் மேலயும் சந்தேகம் வருது இல்ல, ஒருநாள் அவ மேலயும் வரும். அன்னிக்கு அவளே வருவா'ன்னாங்க. ரொம்ப நாள் சாயங்காலம் ஆனா வாசல் கேட்டுப் பக்கமே பாத்துகினு இருந்தாங்க."

பெருந்தன்மையா, தண்டனையா, அல்லது கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு எதிராளி எப்போது ஒத்துக்கொள்வான் என்று காத்திருக்கும் சின்ன நாட்டின் பொறுமையா, எனக்குத் தெரியவில்லை. எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். பச்சைப் பேனாவை நான் விட்டுவிடவில்லை, அது பிழைப்பு. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் இப்போது படிக்கிறேன். என் கோட்டை நானே ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. நானே வந்தேன். உங்கள் வாசல் கேட்டுக்குள் நுழைந்தபோது அதைப் பார்த்துக்கொண்டு அங்கே யாரும் இல்லை.