காய்ச்சல் என்று எழுதிய லீவு லெட்டர்

12.9.1978, செவ்வாய்

இரண்டு நாள் லீவு கேட்டிருந்த எட்டாம் வகுப்பு ராசாத்தி, ஒரு வாரம் கழித்து இன்றுதான் வந்தாள். பெயர் கூப்பிடும்போது, "காய்ச்சல் தேவலையா?" என்று கேட்டேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க சார். எங்கப்பா லாரி ஆக்சிடெண்டுல செத்துட்டாருங்க."

வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அஸ்தம்பட்டியிலிருந்து சங்ககிரிக்கு பஸ்ஸில் வந்துபோகிற எனக்குத்தான் தெரியவில்லை.

"அப்புறம் ஏம்மா காய்ச்சல்னு எழுதிக் குடுத்தனுப்புனே?"

"நீங்க அதுதானுங்க சார் சொல்லிக் குடுத்தீங்க."

எதிர்த்துப் பேசவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னாள். உட்காரச் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் குடுத்தனுப்பின அந்த இங்கிலீஷ் லெட்டரை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு பிழை இல்லை, எழுதினால் இப்படி எழுதணும் என்றேன். சிவப்பு மையில் 'குட்' போட்டேன். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அடக்கமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருஷமாக போர்டில் அதே காய்ச்சல் லெட்டரைத்தான் எழுதிப் போடுகிறேன். மனப்பாடம் பண்ணினால் பரீட்சைக்கு அது போதும்.

சாப்பிட்டுவிட்டு, அப்பா இறந்துபோனால் எழுதவேண்டிய லெட்டர் ஒன்றை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். அழுகை ஒன்றும் வரவில்லை. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. எத்தனை நாள் லீவு வேண்டும் என்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.