ஜகார்த்தாவுக்குப் போன மோர்

ஜகார்த்தா
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவருமே குரலை உயர்த்திவிடுகிறோம். எழுதினால் நிதானமாகப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

ரவாங்கில் நம் கம்பெனியிலிருந்து நீ அனுப்பிய மோர் பாக்கெட்டுகளை இங்கே ஒரு பெரிய கம்பெனிக்காரர்களிடம் கொடுத்தேன். இந்தோனேசியா முழுக்க அவர்களுக்குக் கடைகள் இருக்கின்றன. பண்டான் இலை வாசமும் இஞ்சியும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கிராமப்புறக் கம்பத்துக் கடைகளில் குளிர்பெட்டி கிடையாது. வெளியே வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாத மோராக இருந்தால் எடுத்துக்கொள்கிறார்களாம். அவ்வளவு சூடு காட்டினால் திரிந்துவிடும் என்பாய். தெரியும். நீ நினைத்தால் வழி கண்டுபிடிப்பாய்.

அம்மா ஆரம்பித்த கம்பெனி, இன்று நம் இருவர் கையில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தயிர் போட்டே எத்தனை காலம் ஓட்டுவது?

உன் சமையல் இல்லாமல் இளைத்துவிட்டேன்.

தம்பி,
குரு

ரவாங்
3 ஜூலை 2024

குருவுக்கு அக்காவின் அன்பு.

மோர் திரியவில்லை. பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டினைச் சரியான பக்குவத்தில் சேர்த்ததும் திரிவது நின்றுவிட்டது. அதற்குள் எவ்வளவு கொட்டினேன் என்று மட்டும் கேட்காதே. சூட்டில், பால் தோய்த்த உறையின் உயிர் போய்விடுகிறது. அந்தக் குறையோடுதான் அனுப்புகிறேன்.

நேற்று நம் முதல் கண்டெய்னர் கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. நமக்குப் பால் ஊற்றுகிற மாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கமணி அக்கா லோரிக்குச் சந்தனம் வைத்தார். அவர் வீட்டுக்காரர், நம் சுங்கை பூலோ கன்னையா அண்ணன், புதிதாக மாடுகள் வாங்கிவிட்டார். "எதுக்குண்ணே இவ்ளோ அவசரம்?" என்றேன்.

"குரு தம்பி போன் பண்ணுச்சும்மா. இனி பால் நெறைய வேணும்ணே, மாட்ட பெருக்குங்கன்னு சொல்லுச்சு" என்று சிரித்தார்.

நீ சொன்ன சொல். நினைவில் வைத்துக்கொள். பாக்கெட்டில் உன் பெயரோ என் பெயரோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இவர்கள் பால் இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

லோகேஸ்வரி

ஜகார்த்தா
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தீபாவளிக்கு வராததற்குக் கோபமாக இருப்பாய். இதைப் படித்தால் கோபம் கூடும்.

மோர் நன்றாக விற்கிறது. மூன்று மடங்கு கேட்கிறார்கள். ஆனால் போன மாதம் ரவாங்குக்கு வந்த அவர்களுடைய ஆட்கள், பல கொட்டகைகளிலிருந்து வரும் பால் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இனி நியூசிலாந்துப் பால்மாவைக் கரைத்துத்தான் செய்ய வேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். வியட்நாம்காரர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள்.

ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. தயிருக்கு வேண்டிய பாலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்திவிடு. கன்னையா அண்ணனிடம் நீயே பக்குவமாகச் சொல். என்னால் முடியாது.

குரு

ரவாங்
20 ஜனவரி 2025

குருவுக்கு,

பக்குவமாகச் சொல்ல ஒரு வழியும் இல்லை. போய் நேராகவே சொன்னேன்.

கன்னையா அண்ணன் கையிலிருந்த தீவனக் கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "நீ என்னாம்மா பண்ணுவ. பால் வாங்க ஆளில்லாம இத்தன மாட்டுக்குத் தீனி போட முடியுமா? வித்துர்றேன்" என்றார்.

பொங்கலுக்கு முன்பே வியாபாரி லோரியோடு வந்தான். புது மாடுகளோடு பழைய மாடுகளும் போயின. தங்கமணி அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். கடைசி மாடு ஏற மறுத்தது. அண்ணன்தான் கழுத்தைத் தடவி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன். "நான் கேக்கல. நீயும் கேக்காத லா" என்றார்.

மாட்டுப் பொங்கலன்று அந்தக் கொட்டகை காலியாக இருந்தது.

இனி சேர்ந்து செய்ய வேண்டாம் குரு. மோரை நீயே வைத்துக்கொள். செய்முறையை முழுதாக எழுதி அனுப்புகிறேன், எதையும் ஒளிக்க மாட்டேன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு இடம் பார்த்து உன் வேலையை அங்கே நடத்து. ரவாங்கில் நான் தயிர் போடுகிறேன். மிச்சமிருக்கும் மாட்டுக்காரர்களையாவது காப்பாற்ற முடிகிறதா என்று பார்க்கிறேன்.

உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோகேஸ்வரி

கோலாலம்பூர் விமான நிலையம்
9 மார்ச் 2025

அக்கா,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உன் பதில் இல்லை. செய்முறை மட்டும் வந்து சேர்ந்தது. ஒரு வரிகூடக் குறையில்லாமல் எழுதியிருந்தாய்.

பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அதற்காகத்தான் வந்தேன். ரவாங்குக்கு ரயில் ஏறியவன், மனம் கேட்காமல் வழியில் சுங்கை பூலோவில் இறங்கிவிட்டேன்.

கன்னையா அண்ணன் காலிக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "வாங்க தம்பி, எளச்சிட்டீங்களே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் நன்றாகப் போகிறதா என்று விசாரித்தார். போகிறது என்றேன்.

"உக்காருங்க, குடிக்க ஏதாச்சும் கொண்டு வரேன்" என்று உள்ளே போனவர் வாசலில் நின்று திரும்பினார்.

"வீட்ல பால் இல்ல தம்பி. வெறும் கோப்பி ஓ குடிப்பீங்களா?"

குடித்தேன், அக்கா.

அதன் பிறகு உன் முன்னால் வந்து நிற்கத் துணிவில்லாமல் நேராக இங்கே வந்துவிட்டேன். விமானத்துக்கு அழைக்கிறார்கள். வா என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

குரு