நாற்பத்தோராவது நகர்த்தல்

மார்ச் 4

நான்கு சுற்று, நான்கும் தோல்வி. நாளை கடைசிச் சுற்று. ஒரு டிரா செய்து அரைப் புள்ளி எடுத்தால் ரேட்டிங் பட்டியலில் பெயர் ஏறும். எழுபத்திரண்டு வயதில் அதுகூட இல்லை எனக்கு. இடக்கண் போய்விட்டது. வலக்கண் இந்த வருடம் தாண்டாது என்கிறார் டாக்டர். இதுதான் என் கடைசிச் செஸ் போட்டி.

மகள் புது விதிகளை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். "ஒரு தடவை படிச்சிடுங்கப்பா." தானே கற்று நாற்பது வருடம் ஆடியவனுக்குத் தாளில் பாடம். டீ டம்ளரை அதன்மேல் வைத்தேன்.

மார்ச் 5

எதிராளி மருந்துக் கடைக்காரர். ரேட்டிங் இரண்டாயிரத்துக்கு மேல். சீக்கிரம் முடித்துவிட்டுக் கடை திறக்க நினைத்திருப்பார். நடக்கவில்லை. என் ராணி மாற்றி மாற்றி செக் வைக்க, அவர் ராஜா இரண்டே கட்டங்களில் அல்லாடியது. அவர் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா. நாற்பத்தோராவது நகர்த்தல். ராணியை வைத்தேன், கடிகாரத்தை அழுத்தினேன், நடுவரைக் கூப்பிட்டேன்.

"தாள்ல எழுதிட்டு, காயைத் தொடாம கூப்பிடணும் ஐயா. நகர்த்திட்டீங்களே, செல்லாது."

செல்லாதா? பலகையில்தானே இருக்கு? கண்ணு தெரியாதவன் நானா, அவனா?

தப்பாகக் கேட்டதற்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் மருந்துக் கடைக்காரர் வேறு கட்டத்தைக் கண்டுபிடித்தார். ராஜா தப்பியது. ஒன்பது நகர்த்தலில் நான் காலி.

கை கொடுக்கும்போது சொன்னார்: "நீங்க கூப்பிடாம இருந்திருந்தா, நானே டிரா கேட்டிருப்பேன் சார்."

மார்ச் 6

மேல்முறையீடு எழுதினேன். நான்கு பக்கம்.

மார்ச் 11

நிராகரித்துவிட்டார்கள். ஒரே வரி, ஒரு விதி எண். மகளின் தாளில் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. டீக்கறை அதுவரை ஊறியிருந்தாலும் எழுத்து தெரிகிறது.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 1

பட்டியல் வந்தது. மகள் இரண்டு முறை படித்துக் காட்டினாள். என் பெயர் இல்லை.

ஜூலை 19

விரலால் தடவித் தடவி, அந்த ஆட்டத்தின் நாற்பதாவது நகர்த்தல்வரை காய்களை அடுக்கினேன். அடுத்ததைத் தாளில் எழுதினேன். ராணியைத் தொடவில்லை.

மேசை துடைக்க வந்த மகளிடம், "எழுதியாச்சு. இப்ப செல்லுமா, பாரு" என்றேன்.

துணியை ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுத்துல பாதி, தாளைத் தாண்டி மேசை மேல இருக்குப்பா" என்றாள்.

துடைக்காதே என்றேன்.