மீசை வைத்த விரல்

மணாலி,
ஜூன் 24.

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் மகள் பூஜா எழுதுவது. நீங்கள் கூப்பிடுகிற மாதிரி சொன்னால், உங்கள் பூஜ்ஜியம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உத்திரமேரூரில் நீங்களும் இரண்டு எருமைகளும் டிராக்டரும் சுகம்தானே? கடிதம் என்றால் 'நீங்கள்' போட்டுத்தான் எழுத வேண்டுமாம், போட்டிருக்கிறேன். ஊரில் வந்து இறங்கியதும் பழையபடி 'நீ'தான். ரொம்பப் பழகிக்கொள்ளாதீர்கள்.

போன் இருக்கும்போது இதென்ன காகிதம், பேனா என்று பார்க்கிறீர்களா? என் போன் உங்கள் பீரோவில் கிடக்கிறது. டிராக்டருக்கு வரன் தேடி, 'வயது எட்டு, நல்ல உழைப்பாளி, டீசலைத் தவிர வேறு குடிப்பழக்கம் இல்லை' என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன் பாருங்கள், அன்றைக்குப் பூட்டியதுதான். அம்மாவின் போனில் பேசலாம். ஆனால் அம்மா என்னைவிட்டு நகர்வதில்லை, சொல்ல வேண்டியதோ அம்மாவைப் பற்றி. அவள் மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த நேரத்தில் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். டெல்லியில் பவளம் அத்தை வீட்டில் ஐந்து நாள் தங்கிவிட்டுத்தான் வருவோம். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் எழுதியதற்கே அர்த்தம் இல்லை.

முதலில் மலையைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூரில் ஏரி, இங்கே ஏறி ஏறி. 'கணவாய் தாண்டப் போறோம்' என்று அம்மா சொன்னபோது, 'கணவாய் மீனுக்குக் காசிமேடு போனா போதாதா, இமயமலைக்கு இன்னாத்துக்கு?' என்று கேட்டீர்களே, அந்தக் கணவாயின் பெயர் ஹம்ப்டா. இந்தப் பக்கத்து மலைக்கும் அந்தப் பக்கத்து மலைக்கும் நடுவே வரப்பில் வெட்டிவிட்ட மடை மாதிரி ஒரு தாழ்வு. ஆடு மேய்க்கிறவர்கள் வருஷா வருஷம் அந்த மடை வழியாகத்தான் மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மடை என்றதும் உங்கள் காலுக்குக் கீழே இருக்கிற மாதிரி நினைக்காதீர்கள். அதன் உயரம் பதினாலாயிரம் அடி.

நைனா, உங்களுக்குப் பிடித்த ஒரு சங்கதி. வழியில் ஓர் ஓடை. காலையில் முழங்கால் தண்ணீர்தான். அதையே மதியம் தாண்டினால் இடுப்பு வரை வந்து ஆளை இழுக்கிறது. மழையே இல்லையே, யார் மதகைத் திறந்தது என்று எனக்கு ஒரே குழப்பம். வெயில்தானாம். மேலே பனி உருக உருகத் தண்ணீர் ஏறுமாம், பொழுது சாய்ந்தால் தானாக இறங்கிவிடுமாம். மதகு திறக்க ஆளும் வேண்டாம், யார் வயலுக்கு முதலில் என்ற சண்டையும் வேண்டாம். அப்புறம், அம்மா எடுத்து வந்த முறுக்குப் பொட்டலம் மேலே போகப் போக உப்பிக்கொண்டே வந்தது, கோபம் வந்தால் உங்கள் கன்னம் உப்புமே அப்படி. வெளியே காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கிற காற்று விரிகிறதாம். பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. அந்த உயரத்தில் கொஞ்சம் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடுமாம். தளதளவென்று கொதிக்கிறது, அதில் விரலை விட்டுப் பார்க்கலாமா என்று எனக்கு ஆசை. அம்மா பார்த்த பார்வையில் அந்த ஆசையும் வேகாமல் போய்விட்டது.

அம்மா நன்றாகத்தான் நடந்தாள். உங்களுக்கே தெரியும், நான்கு மாதம் முதுகில் பத்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு விடிகாலையில் ஏரிக்கரை மேல் நடந்து பழகியவள். எதிர்வீட்டு எல்லம்மாள்கூட ஒருநாள் நிறுத்தி, 'இன்னாமே நர்சம்மா, தெனம் தெனம் ரேசன் அரிசிய எடுத்துக்கினு எங்க போற, திருப்பிக் குடுக்கவா?' என்று கேட்டது. அன்றைக்கு நீங்கள் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தீர்கள். 'கரை ஏர்றதுக்கே மூச்சு வாங்குது இவளுக்கு. பாதியில திரும்பி வந்து நிப்பா பாரு, அப்ப நான் பேசிக்கிறேன்' என்று எல்லம்மாளிடம் சொன்னீர்கள். அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். மறுநாள் அரிசி பன்னிரண்டு கிலோ ஆனது.

இப்போது மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். விரலில் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பார்களே, அதே மெஷின்தான். எங்களை நடத்திக்கொண்டு போனவர் பெயர் லால்சந்த். காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு கூடாரமாக வந்து எண் பார்ப்பார். குளிருக்குப் பயந்து யாரும் வெளியே வர மாட்டோம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து கையை மட்டும் நீட்டுவோம், எலிப் பொந்திலிருந்து வால் வருகிற மாதிரி. வெறும் கையை நீட்டுவது எனக்குச் சலிப்பாக இருந்தது. அதனால் வலது கை ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் பேனாவால் ஒரு முகம் வரைந்து, உங்கள் மீசையையும் வைத்துவிட்டேன். லால்சந்துக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு வேளையும் மெஷினை மாட்டும் முன் விரலைப் பார்த்து, 'நமஸ்தே பாபுஜி' என்பார். ஆக, நீங்களும் எங்களோடு பாதி இமயமலை ஏறிவிட்டீர்கள்.

கணவாய்க்கு முந்தைய கூடாரம் பாலு கா கேரா என்கிற இடத்தில். பாலும் கிடைக்கவில்லை, கீரையும் கிடைக்கவில்லை. அங்கே போனதிலிருந்து அம்மாவுக்குத் தலைவலி. சொல்லவில்லை. கொத்தமல்லி வாசம் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சாப்பாட்டை என் தட்டில் தள்ளினாள். அன்று சாயங்காலம் மெஷினில் அவளுக்கு எழுபத்தொன்று. லால்சந்த் அவள் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்தார். அதே எண். காலைக்குள் ஏறவில்லையென்றால் கீழே அனுப்பிவிடுவேன் என்றார். அம்மா தமிழில் பொரிந்தாள். 'மிசினு சில்லுன்னு கீது, அதான் தப்பாக் காட்டுது. நான் பாக்காத மிசினா? இவன் எனக்குச் சொல்லித் தரானா?' என்னை அதை அவருக்கு இந்தியில் சொல்லச் சொன்னாள். 'அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார்' என்று சொல்லிவைத்தேன்.

கொரோனா சமயத்தில் அம்மா திருப்புலிவனத்தில் வீடு வீடாக இந்த மெஷினோடு அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிட்டம்மாள் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் பயந்துகொண்டு, கதவுச் சந்து வழியாகப் பெண்டாட்டி கையை நீட்டச் சொன்ன கதையை அம்மா எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாள்! 'ஏன்யா, எப்பத்துலேர்ந்து வளையல் போட்டுக்கினு கீற?' என்று கேட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஆம்புலன்சில் ஏற்றினாளே. அந்த ஆள் பிழைத்து இன்றைக்கும் வேர்க்கடலை மூட்டையோடு நம் வீட்டுக்கு வருகிறார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா ஒரு பாறைக்குப் பின்னால் போய் டீயை வாந்தி எடுத்தாள். வந்து, டீ சரியில்லை என்றாள். அப்புறம் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து மெல்லிய குரலில் கேட்டாள்: 'பூஜா, எனக்குப் பதிலா உன் வெரல நீட்டுடி. ஒரே ஒரு தபா. இம்மாந்தூரம் வந்துட்டு பாதியில திரும்பினா உங்க நைனா மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன்?'

வகுப்புக்கு வராத ஸ்ரீகாந்துக்காக நான் அவன் குரலில் 'உள்ளேன் ஐயா' சொல்லி மாட்டிக்கொண்டபோது என்னை முட்டி போட வைத்த அம்மா இது. வேறு நாளாக இருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்ட ஒரு சங்கதி கிடைத்தது என்று குதித்திருப்பேன். அன்றைக்கு அம்மாவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, நைனா. பதினேழு வருஷத்தில் அம்மா என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

லால்சந்த் வந்தார். முதலில் என் முறை. வலது கையை நீட்டினேன், பாபுஜிக்கு வணக்கம் வைத்தார், எண்பத்தெட்டு என்றார். அடுத்து அம்மாவின் பெயரைச் சொன்னார். அம்மா என் இடது கையைத் தொட்டாள். அதில் படம் இல்லை. அதை நீட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் திரும்பவும் வலது கையையே நீட்டினேன்.

'எண்பத்தெட்டு. சபாஷ் மாதாஜி' என்ற குரல் பாதியில் நின்றது. என் விரலைப் பிடித்துத் திருப்பினார். பிறகு, 'பாபுஜி, மறுபடியும் நீங்களா?' என்று கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஜிப் முழுதாகத் திறந்தது.

அம்மா என்னைத்தான் முதலில் திட்டினாள். 'அத்த அழிக்கணும்னு தெரியல உனக்கு? ஒரு வேலையாச்சும் உருப்படியா செய்யறியா?' மறந்துவிட்டேன் என்றேன். திருட்டுத்தனத்தை ஒழுங்காகச் செய்யவில்லை என்று திட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்புறம் அவள் தன் விரலைத் தானே மெஷினுக்குள் வைத்தாள். அறுபத்தாறு. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்மூரில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் அடுத்த நிமிஷம் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஷூவை எடுத்து மாட்டினாள்.

நானும் கூட வருகிறேன் என்று பையைத் தூக்கினேன். பிடுங்கிக் கீழே வைத்தாள். 'ரெண்டு பேரும் திரும்பினா உங்க நைனாவுக்கு ரெட்டைக் கொண்டாட்டமா? நீ போ. போயி அந்தாண்ட இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு' என்றாள். உச்சியில் இரண்டு பேரும் தின்பதாக இருந்த முறுக்குப் பொட்டலத்தை என் பையில் திணித்தாள். துணைக்கு ஓர் ஆளோடு இறங்கிப் போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை, கணவாயை.

கணவாயில் முதல் ஆள் பனியில் ஷூவால் உதைத்து உதைத்துக் குழி போட்டுப் போகிறார், பின்னால் வருகிறவர்கள் அதே குழியில் கால் வைக்க வேண்டும். நாற்று நடுகிற வரிசை மாதிரி ஒழுங்காக ஏறினோம். நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடைக்கிறது. உச்சியில் கயிற்றில் கட்டிய, என்னவோ மந்திரம் எழுதிய வண்ணத் துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் திரும்பினால் பசேல் என்று புல்லும் மரமும். அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு செடி கிடையாது, வெறும் கல்லும் மண்ணும். மழை மேகம் மலையைத் தாண்ட முடியாமல் இந்தப் பக்கமே நின்றுவிடுமாம். ஒரே ஒரு எட்டில் இரண்டு ஊர். எப்படி இது என்று இப்படியும் அப்படியும் நாலைந்து முறை தாண்டித் தாண்டிப் பார்த்தேன். கூட வந்தவர்கள் எனக்குத்தான் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

நேற்று மணாலி வந்து சேர்ந்தோம். அம்மா லாட்ஜ் வாசலில் நின்றாள். உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. தலைவலி அன்று மதியமே பாதி வழியில் போய்விட்டதாம். முதல் வேலையாக முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம், அது சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருந்தது. தின்றுகொண்டே கேள்வி மேல் கேள்வி. பனி மேல் நடந்தால் சத்தம் வருமா, அந்தத் துணியில் என்ன எழுதியிருக்கிறது, ஆடுகள் அந்த வழியாக எப்படிப் போகும், அந்தப் பக்கம் என்ன இருந்தது. பாலாறு மாதிரி இருந்தது, தண்ணீரே இல்லாமல் கல்லும் மணலும் என்றேன். 'அடிப்பாவி, பாலாத்தப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?' என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

நேற்று ராத்திரி நீங்கள் போன் செய்தபோது அம்மா, 'எல்லாம் ஆச்சு, நல்லா கீறோம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தாண்டிவிட்டோம் என்று அவள் சொல்லவில்லை. நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

நைனா, உங்களிடம் கேட்பது இதுதான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வாக்கியம் உங்கள் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். மெள்ள முழுங்கிவிடுங்கள். அம்மா பன்னிரண்டாயிரம் அடி ஏறியிருக்கிறாள். அவளைத் திருப்பியது அவள் கால் இல்லை. என் விரல், அதில் இருந்த உங்கள் மீசை. அழிக்க மறந்துவிட்டேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும். இதை மட்டும் செய்தால் டிராக்டர் வரன் கணக்கும் சேர்ந்து நேராகிவிடும், போனைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு டிராக்டரில் வராமல் வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மாவின் பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மலை எப்படி இருந்தது என்று நீங்களே கேளுங்கள். எல்லம்மாளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அம்மா சொல்லுவாள். ஓடையையும் கூடாரத்தையும் சொல்லிவிட்டு, அப்படியே மேலே போய்ப் பனியையும் வண்ணத் துணியையும் அந்தப் பக்கத்துப் பாலாற்றையும் சொன்னாலும் சொல்லுவாள். அந்த இடம் வரும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'அப்புறம்?' என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மீசையைச் சுமந்து கணவாய் தாண்டிய
பூஜா